புதுக்காது கேட்ட குருவிகள்

பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிற மனிதர்களைப் பறவைகள் எண்ணினால் என்ன எழுதும் என்று பரிமளம் அடிக்கடி யோசிப்பதுண்டு. தலைக்குக் குறைவிருக்காது. அதில் உருப்படி எத்தனை என்று கேட்டால்தான் சிக்கல்.

இந்த வருடமும் அப்படித்தான். விடிந்தும் விடியாமலும் ஊஞ்சக்காட்டுக் குளத்துக் கரையில் வந்து நின்ற தன்னார்வலர்களில் ஒரு ஜோடி பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் உடுத்தியிருந்தது. மங்கலான நிறத்தில் உடுத்தி வாருங்கள் என்று குழுவில் அவள் நாலு முறை செய்தி போட்டிருந்தாள். நாலுக்கும் தவறாமல் கட்டைவிரல் தூக்கிக் காட்டியவர்கள் இவர்கள்தான். ஐடி கம்பெனித் தம்பி ஒருவன் தொலைநோக்கியின் மூடியைக் கழற்றாமலேயே கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, “செம பனிங்க்கா, ஒண்ணுமே தெரியல” என்றான். மூடியைக் கழற்றிய பிறகும் ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு விஷயம். தை மாதப் பனி குளத்தை முழுசாக விழுங்கியிருந்தது.

“கண்ணு தெரியாட்டி என்ன, காது இருக்குதில்ல? மேக்குக் கரையில இருந்து ஆரம்பிக்கலாம். யாரும் பேசக் கூடாது, போனை அமத்தி வெச்சிருங்க” என்றாள் பரிமளம். பிறகு கணவர் பக்கம் திரும்பி, “ஏனுங்க, பிளாஸ்க்கை வண்டியிலிருந்து எடுத்தாரச் சொன்னனே, எங்க?” என்றாள்.

குழந்தைவேல் அவளைப் பார்த்து மலர்ந்து சிரித்தார். “ஆமா அம்மிணி, நல்ல குளிருதான்.”

பிளாஸ்க்கை அவளே போய் எடுத்து வந்தாள். மற்றவர்கள் செய்கிற கூத்தையெல்லாம் அவளால் பொறுத்துக்கொள்ள முடியும். பத்து வருடமாக இந்தக் கூட்டத்தைக் கட்டி மேய்க்கிறவள் அவள். கணவரின் இந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் அவர் இப்படியில்லை. ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்லுவார். கடுகு தாளிப்பதிலிருந்து கட்டில் போடும் திசை வரை சண்டை பிடித்துக்கொண்டுதான் அவர்கள் குடித்தனம் நடந்தது. இப்போது மூன்று வருடமாக எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு, ஒரு “சரி அம்மிணி”. சொன்ன வேலை மட்டும் நடப்பதில்லை. வயதானால் மனுசருக்குப் பக்குவம் வரும் என்று அக்கம்பக்கத்தில் பாராட்டினார்கள். பரிமளத்துக்கோ அந்தப் பக்குவத்தைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அவருடைய காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலைச் சத்தம் அவர் காதை அரித்துத் தின்றுவிட்டது. முதலில் போனது மெல்லிய சத்தங்கள். கொலுசு, கொசு, குருவி. பிறகு பேச்சிலும் பாதி போனது. கதிர்க்குருவியைக் குரலை வைத்தே இனம் சொல்லுகிற மனிதர், குளத்துக்கு வந்து ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புவார். அப்புறம்தான் புதுக்காது வந்தது. கம்பெனி என்னவோ நீளமாகப் பெயர் வைத்திருந்தது. ஊரில் எல்லோரும் புதுக்காது என்றே சொன்னார்கள். பழைய காது மிஷின்கள் சத்தத்தைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். புதுக்காது, விட்டுப்போன சத்தத்தைத் தானே யூகித்து, அந்தந்தக் குரலிலேயே இட்டு நிரப்பிவிடும். அதை மாட்டிக்கொண்ட முதல் தை மாதமே குழந்தைவேல் இந்தக் கரையில் ஒன்பது நாணல் கதிர்க்குருவிகளைக் கேட்டார். கேட்டுவிட்டு எல்லோர் முன்னாலும் அழுதார். பரிமளத்துக்கும் அன்று கண் கலங்கித்தான் போனது.

அதிலிருந்து அவர் காதுதான் இந்தக் குழுவின் சட்டம். நாணல் கதிர்க்குருவி கண்ணுக்கு அகப்படாது. எங்கோ வடக்கேயிருந்து பறந்து வந்து, நாணலுக்குள் புகுந்து, குளிர்காலம் முழுக்க வெளியே தலை காட்டாமல் “டிக், டிக்” என்று சொல்லிக்கொண்டிருக்கும் மண்நிறக் குருவி அது. கொக்கு நாரைகளை எண்ணக் கரையெல்லாம் கேமராக் கம்பங்கள் நட்ட காலமும் ஒன்று உண்டு. கம்பம் நட்டவர்களே கணக்கைத் திருத்தி மாட்டிக்கொண்டார்கள். அதன் பிறகு இனி மிஷின் கணக்கே செல்லாது, மனிதக் கண்ணும் மனிதக் காதும்தான் சாட்சி என்று சட்டம் மாறியது. புதருக்குள் கேட்கும் பறவைக்கு இரண்டு பேர் சாட்சி வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் கை காட்ட வேண்டும். குழந்தைவேலுக்கு அடுத்த சாட்சி தாமோதரன் வாத்தியார். அவரும் மூன்று வருடமாகப் புதுக்காது மாட்டியிருந்தார். மனிதக் காதுக்குள் என்ன மாட்டியிருக்கிறது என்று சட்டம் கேட்கவில்லை.

மேற்குக் கரையில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். முன்னால் வெள்ளை வெளேரென்று பனி. பரிமளத்துக்குத் தூரத்துச் சாலையின் பஸ் சத்தம் கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை. அவளுக்கு எப்போதும் கேட்பதில்லை, காது பழகவில்லை என்று விட்டுவிட்டிருந்தாள்.

குழந்தைவேல் கையைத் தூக்கி வடமேற்கே காட்டினார். அதே நொடியில் தாமோதரன் வாத்தியாரும் கையைத் தூக்கி அதே இடத்தைக் காட்டினார். ஆரஞ்சு ஜோடி வாயைப் பிளந்தது. சற்று நடந்ததும் இன்னொன்று. அப்புறம் ஒரே இடத்தில் இரண்டு. ஒருமுறைகூட ஒருவர் கை முந்தவில்லை, ஒருவர் கை பிந்தவில்லை. கரையின் முனைக்கு வந்தபோது ஒன்பது ஆகியிருந்தது.

“ஒம்பது! கொறையாம வந்து சேந்திருச்சுங்க” என்றார் குழந்தைவேல்.

வரிசையின் கடைசியில் நின்ற நஸ்ரீன் முகத்தைப் பார்த்தாள் பரிமளம். நஸ்ரீன் டவுனில் காது கிளினிக் வைத்திருப்பவள், மூன்று வருடமாகக் கணக்கெடுப்புக்கு வருகிறாள். குழுவிலேயே நல்ல காது உள்ளவள் அவள்தான், பரிசோதித்துப் பார்த்தே சொல்லியிருக்கிறாள். அவள் முகம் என்னவோ போலிருந்தது.

“உனக்குக் கேட்டுதா?” என்று மெதுவாகக் கேட்டாள் பரிமளம்.

“இல்லீங்க்கா. மூணு வருசமாவே எனக்குக் கேட்டதில்ல. குழந்தைவேல் அண்ணன்கிட்டச் சொன்னேன், காது பழகணும்னார். நானும் எனக்குத்தான் தெரியலன்னு இருந்துட்டேன்.”

“அதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“நீங்க அன்னைக்கு ரொம்பக் கோபமா இருந்தீங்க்கா.”

என்றைக்குத்தான் கோபமாக இல்லை என்று பரிமளம் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கிழக்கே வெயில் ஏறியது. பனி கிழிந்து கிழிந்து மேலே போயிற்று. முதலில் தண்ணீர் தெரிந்தது. பிறகு கரை தெரிந்தது. நாணல் தெரியவில்லை.

நாணல் இருந்தால்தானே தெரியும்? ஆளுயரம் நின்ற காட்டை அடியோடு வெட்டியிருந்தார்கள். வரிசை வரிசையாக அடிக்கட்டை, நடுவில் சேறு, லாரி டயர் போன தடம். வெட்டிய நாணலைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கரையோரம் அடுக்கியிருந்தார்கள். ஒன்பது குருவிகள் கேட்ட இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

பேசக் கூடாது என்று சொன்னால் ஒருநாளும் கேட்காத கூட்டம், அன்றைக்குத்தான் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு நின்றது.

கட்டுகளின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மஞ்சள் சட்டை மேற்பார்வையாளரிடம் பரிமளம் விடுவிடுவென்று போனாள். “யாரைக் கேட்டு வெட்டினீங்க? இங்க குருவி இருக்குதுன்னு வருசா வருசம் எழுதிக் குடுக்கறமே, தெரியாதா?”

அவர் மரியாதையாக எழுந்து நின்றார். “தெரியுமுங்க. அதனாலதானுங்க வெட்டினம். நடைபாதை போடறதுக்குப் போன வருசத்துக்கு முந்தியே அக்கரைப் பக்கம் பாதி நாணலை எடுத்தாச்சு. அப்புறம் உங்க கணக்குல ஒரு குருவிகூடக் கொறையலீங்க. வெட்டினா குருவிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உங்க கணக்கை வெச்சுத்தான் ஏரி மேம்பாட்டுக் குழு எழுதிக் குடுத்துச்சு. மீதியும் எடுத்தாச்சு. தெக்கால ஒரு துண்டு நிக்குது பாருங்க, இன்னைக்குக் கணக்கும் ஒம்பதுன்னு வந்துட்டா அதையும் எடுத்துருவோமுங்க.”

தெற்கே திரும்பிப் பார்த்தாள். ஒரு வீட்டுமனை அகலத்துக்கு நாணல் நின்றது. குளத்தில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். பத்து வருடம் வெயிலிலும் பனியிலும் நின்று, கத்தி, கெஞ்சி, ஆள் சேர்த்து அவள் எடுத்த கணக்குதான் நாணலை வெட்டியிருக்கிறது.

நஸ்ரீன் பின்னாலேயே வந்திருந்தாள். “அக்கா, கொஞ்சம் இப்பிடி வாங்க” என்று கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். “புதுக்காது பேச்சை மட்டும்தான் நிரப்பும்னு கம்பெனி சொல்லுச்சு. எனக்கு இப்பத்தான் புரியுது. அது ஒவ்வொரு இடத்தையும் கத்துக்கும்ங்க்கா. உங்க வீட்டுக் கதவு எப்படிச் சத்தம் போடும், தெருவுல எந்நேரம் தண்ணி லாரி வரும்னு. முதல் வருசம் அண்ணன் இங்க நின்னு குருவி கேக்கணும், கேக்கணும்னு காத்திருந்தாரில்ல? என்னவோ லேசாச் சத்தம் வந்திருக்கும். அது குருவியா நிரப்பிக் குடுத்துச்சு. அவர் சந்தோசப்பட்டார். இந்த மனுசனுக்கு இந்தக் கரையில, இந்த மாசத்துல ஒம்பது குருவி கேக்கணும்னு அது புடிச்சுக்கிச்சு.”

“சரி, வாத்தியாருக்கும் அதே எடத்துல கேட்டுச்சே?”

“பக்கத்துப் பக்கத்துல இருக்கற புதுக்காதுங்க, கத்துக்கிட்டதை ஒண்ணுக்கொண்ணு குடுத்துக்கும். ரெண்டு சாட்சின்னு நெனச்சோம். ஒரே சாட்சிதான் ரெண்டு தலையில மாட்டியிருக்கு.”

அந்த ஒற்றுமையைப் போன வருடம் எத்தனை மெச்சினோம் என்று பரிமளத்துக்கு நினைவு வந்தது. ஒருவர் கை முந்தாமல் ஒருவர் கை பிந்தாமல் தூக்குவதைப் படமெடுத்துக்கூட அனுப்பினார்கள். எந்த இரண்டு மனிதர்களுக்கு அப்படி ஒத்துப்போகும் என்று ஒருத்தருக்காவது சந்தேகம் வந்ததா? அவளுக்கே வரவில்லை.

இனி ஒன்றுதான் வழி. ஒன்பதைக் கணக்கிலிருந்து அடித்துவிட வேண்டும். இன்றைய ஒன்பதை மட்டும் அடித்தால் போதாது, மூன்று வருடத்தையும் அடிக்க வேண்டும். அப்படிச் செய்தால் தெற்குத் துண்டு பிழைக்கலாம். அதற்கு முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரியாமல் அவர் கணக்கை அடிக்கும் உரிமை யாருக்கும் இல்லை, அதுவும் குழுவின் விதிதான். பறிபோன காது திரும்பி வந்தது என்று அழுத மனிதரிடம், வரவேயில்லை என்று சொல்ல வேண்டும்.

குழந்தைவேல் நாணல் கட்டுகளின் பக்கம் குனிந்து நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கை காட்டி அழைத்தார். “வெட்டிப் போட்டாங்க பாவிங்க. ஆனா குருவி போகலை அம்மிணி. கட்டுக்குள்ளாற பூந்துக்கிச்சு. இங்கிருந்துதான் கேக்குது.”

பரிமளம் மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஏனுங்க, நான் சொல்றதைக் கேளுங்க. இங்க குருவியே இல்ல. நாம எண்ணின ஒம்பதும் பொய்யி. உங்க மிஷின் உங்களை ஏமாத்துது.”

“ஆமா அம்மிணி, ஒம்பது. போன வருசத்துக்கு ஒண்ணுகூடக் கொறைச்சலில்ல” என்று சிரித்தார்.

“இல்லைங்கறன்! மூணு வருசமா உங்க காதுல விழுந்தது குருவியே இல்ல!”

“அதுக்கென்ன, வாத்தியாரையும் மத்தியானம் சாப்பிடக் கூப்பிடலாம்.”

பரிமளம் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை. கண்ணில் கள்ளமே இல்லை. கேட்டதற்குத்தான் பதில் சொல்கிறார். ஆனால் அவர் கேட்டது அவள் சொன்னதில்லை. ஒரு சந்தேகம் மெல்லத் தலை தூக்கியது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை சொல்லி, மூன்று மாதம் அவர் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த வாக்கியம் ஒன்று உண்டு. அதை இன்று துணிந்து, நிதானமாக, நேருக்கு நேர் நின்று சொன்னாள்.

“உங்கம்மா வெச்ச ரசம் கழனித்தண்ணி.”

குழந்தைவேல் கையைத் தேய்த்துக்கொண்டார். “வெச்சுக் குடு அம்மிணி, இந்தக் குளிருக்கு நல்லாருக்கும்.”

பரிமளம் திரும்பி நஸ்ரீனைப் பார்த்தாள். நஸ்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அதுலயும் ஒண்ணு இருக்குதுங்க்கா” என்றாள். “எதைக் கேட்டா முகம் சுளிக்கிறாங்க, எதைக் கேட்டா நாடி எகிறுதுன்னு அது பாக்கும். வயசானவங்களுக்கு ரத்தக்கொதிப்பு ஏறக்கூடாதுன்னு சேத்த வசதி. அடுத்த தடவ நிரப்பும்போது கொஞ்சம் இதமா நிரப்பும். அண்ணனுக்கு உங்க பேச்சுல முக்கால்வாசி காதுல விழறதில்ல. அந்த முக்கால்வாசியும் அது வெச்சதுதான் சட்டம்.”

“என் கொரல்லயா?”

“உங்க கொரல்லதான்.”

பரிமளத்துக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடுத்து வந்தது ஆத்திரம். மூன்று வருடம்! மருந்து வாங்கி வரவில்லை என்று திட்டியது, கரண்ட் பில் கட்டவில்லை என்று திட்டியது, மகள் போன் பண்ணினால் நான்கு வார்த்தை பேசக் கூடாதா என்று கெஞ்சியது, எல்லாம் காற்றோடு போயிருக்கிறது. ஐப்பசி மழையில் ஒருநாள், அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்து சொன்னாள்: உங்களோட பேசறதும் செவுத்தோட பேசறதும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்குது, தனியாக் கெடக்கற மாதிரி இருக்குது. அவர் அதற்கும் சிரித்து, சரி அம்மிணி என்றார். அன்றைக்கு அவளுக்குள் என்னவோ விட்டுப்போயிற்று. இனி இவரிடம் எதையும் சொல்வதில்லை என்று முடிவு கட்டினாள். அந்த வீட்டில் அவள் குரலை எடுத்துக்கொண்டு வேறு ஒருத்தி அவரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். சிடுசிடுக்காதவள், குறை சொல்லாதவள். அவளோடுதான் அவர் சந்தோசமாக இருந்திருக்கிறார். ஊர் பேர் இல்லாத அந்தப் பெண்மேல் பரிமளத்துக்கு வயிறு எரிந்தது.

இனி வாயால் சொல்லி ஆகாது என்று தெரிந்துவிட்டது. எட்டி அவர் இரண்டு காதிலிருந்தும் புதுக்காதைப் பிடுங்கினாள்.

“என்ன பண்றே?” என்று கத்தினார். காது கேட்காதவர்கள் கத்துகிற கத்தல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் லட்சியம் பண்ணவில்லை. அவர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்த நாணல்கட்டு ஒன்றை இழுத்து அவர் கையில் கொடுத்தாள். ஒரு புதுக்காதை மட்டும் திரும்பவும் அவர் காதில் வைத்தாள். அவர் முகம் மலர்ந்தது. இதோ, இதற்குள்தான் என்று விரலால் காட்டினார்.

உதறுங்க என்று ஜாடை காட்டினாள். அவர் மெதுவாக, குருவிக்கு அடி படாமல் அசைத்தார். எதுவும் பறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக உதறினார். கயிற்றை அவிழ்த்துத் தட்டைகளைத் தரையில் பரப்பினார். ஒரு பூச்சிகூட இல்லை. அவர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். குனிந்து ஒரே ஒரு தட்டையை எடுத்துக் காதருகே வைத்தார். விரல் கனம்கூட இல்லாத தட்டை.

“இன்னும் கூவுது” என்றார்.

அவர் குரலில் அப்படி ஒரு பயத்தைப் பரிமளம் கேட்டதேயில்லை. அவர் தானாகவே புதுக்காதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு நஸ்ரீனைப் பார்த்து, “எத்தன வருசமா?” என்றார். அவள் மூன்று விரலைக் காட்டினாள். புதுக்காது செய்ததையும் மேற்பார்வையாளர் சொன்னதையும் போனில் எழுதிக் காட்டினாள். அவர் படித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மூணையும் அடிச்சிரு பரிமளம்” என்றார். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே நாளாகியிருந்தது. “குழந்தைவேலுக்குக் காது கேக்காது, அவன் சொன்னது அத்தனையும் தப்புன்னு எழுது. எம் பேரைப் போட்டே எழுது. அந்தத் துண்டாச்சும் நிக்கட்டும்.”

நஸ்ரீன் எழுதிக் கொடுக்க, பரிமளம் அங்கேயே நின்று ஏரி மேம்பாட்டுக் குழுவுக்கும் மேலிடத்துக்கும் அனுப்பினாள். மஞ்சள் சட்டைக்காரர் போனைப் பார்த்துவிட்டு, “இனி மேல கேட்டுத்தானுங்க வெட்டணும்” என்று தலையைச் சொறிந்தார். ஆரஞ்சு ஜோடியில் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அழுவதற்காவது பொருத்தமான நிறத்தில் உடுத்தியிருக்கலாம் என்று பரிமளத்துக்குத் தோன்றியது. தோன்றியதற்காக உடனே வெட்கப்பட்டாள்.

புதுக்காதில் நிரப்புவதை மட்டும் நிறுத்த முடியும். விழுகிற சத்தம் மட்டும் விழும். குழந்தைவேல் வாயால் சம்மதம் சொல்ல, நஸ்ரீன் நிறுத்தினாள். பிறகு தாமோதரன் வாத்தியார் பக்கம் திரும்பினாள். “சார், உங்களதையும் நிறுத்திரட்டுங்களா?”

வாத்தியார் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். “வேண்டாம்மா.”

“சார், தப்புத் தப்பா...”

“தெரியும்மா. இனிமே நான் காதால எண்ணல. கண்ணால வேணா வாத்து எண்ணறன். இதைத் தொட வேண்டாம்.” அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “காலைல எங்க வீட்டுச் சமையக்கட்டுல பாத்திரம் உருட்டற சத்தம் கேக்குது. அவ போயி ரெண்டு வருசம் ஆச்சு. யாரு உருட்டறாங்கன்னு நான் எந்திரிச்சுப் போயிப் பாக்கறதில்ல.”

பரிமளத்துக்கு மற்ற எல்லோர் மேலும் கோபம் வந்தது, அவர் மேல் மட்டும் வரவில்லை. வாத்து எண்ணுகிறவர்களோடு அவரை அனுப்பி வைத்தாள். பனி முழுசாக விலகியிருந்தது. நடுக்குளத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் கூட்டம் கூட்டமாகக் கிடந்தன. ஐடி கம்பெனித் தம்பி மூடியைக் கழற்றிவிட்டு, உதட்டை அசைத்து அசைத்து எண்ணிக்கொண்டிருந்தான்.

குழந்தைவேல் கரைச்சரிவில் உட்கார்ந்திருந்தார். பரிமளம் பிளாஸ்க்கோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். டீயை ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

“பரிமளம், குருவி போகட்டும்” என்றார். “நீ தெனமும் பொழுதோட ஒண்ணு சொல்லுவே. டிவியை அமத்திட்டு வந்து பக்கத்துல உக்காந்து சொல்லுவே. நீங்க இருந்தாப் போதும், எனக்கொரு வெசனமும் இல்லீங்கன்னு.” அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “அதாச்சும் நீ சொன்னதுதானா?”

பரிமளம் அவரைப் பார்த்தாள். அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து கல்யாணமான நாளிலிருந்து வந்ததில்லை. அந்த நேரத்தில் அவள் சொல்வது ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும் என்பது. இப்போது சும்மா தலையை ஆட்டினால் போதும். காது கேட்காத மனிதர், தலையாட்டலை நம்பிவிடுவார், டீயைக் குடிப்பார். அவள் தலை ஆடக்கூடத் தொடங்கியது. அவர் கண்ணிலிருந்த ஆசை அப்படி. ஆனால் ஆட்டிவிட்டால் அந்தப் புதுக்காது செய்த வேலையை இனி அவளே செய்ய வேண்டியதுதான்.

“இல்லீங்க” என்றாள்.

“என்ன?”

“நான் சொல்லலீங்க.”

“என்ன? சத்தமாச் சொல்லு!”

மூன்று வருடத்து ஆத்திரமும் ஒன்றாகத் திரண்டு தொண்டைக்கு வந்தது. பரிமளம் எழுந்து நின்றாள். “நான் சொல்லலை! ஒருநாளும் சொல்லலை! எனக்கு வெசனமில்லைன்னு எவ சொன்னா? எனக்கு வெசனம் இருக்குது! நெறைய இருக்குது!”

குளமே அதிர்ந்தது. ஊசிவால், நீலச்சிறகி, நாமக்கோழி என்று தண்ணீரிலிருந்த அத்தனையும் ஒரே இரைச்சலாக எழும்பிப் பறந்தது. எண்ணிக்கொண்டிருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். “அக்கா! நானூத்தி சொச்சம் வந்திருந்தேங்க்கா!” என்று தம்பி அலறினான்.

“மறுக்கா எண்ணு!” என்று அவனுக்கும் ஒரு கத்தல் போட்டாள்.

குழந்தைவேல் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகச்சுளிப்பை, அந்தத் திகைப்பை, பழைய சண்டைக்காரப் புருவத்தை மூன்று வருடம் கழித்து அன்றுதான் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அவர் சற்றே நகர்ந்து, கொஞ்சமாவது கேட்கும் இடது காதை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

“என்ன வெசனம்?” என்றார். “மொதல்ல இருந்து சொல்லு.”

பரிமளம் உட்கார்ந்தாள். அந்தக் காதருகே வாயைக் கொண்டுபோய், உரக்க, ஐப்பசி மழையிலிருந்து தொடங்கினாள்.